சிட்டு அழுத இடம்

முப்பத்திரண்டு வருஷம் நான் குழந்தையாக இருந்தேன். ஐம்பத்தாறு வயது, முட்டி வலி, சர்க்கரை மாத்திரை எல்லாம் மைக்குக்கு வெளியேதான். மைக் முன்னால் போய் நின்றால் எனக்கு வயது ஏழு, எட்டு, மிஞ்சிப் போனால் பத்து. திரையில் எந்தக் குழந்தை தொலைந்து போனாலும், ஜுரத்தில் பிதற்றினாலும், அப்பாவின் மேல் விழுந்து கதறினாலும் கதறியது நான்தான். நிஜக் குழந்தைகளைக் கூட்டி வந்தால் தூங்கிவிடும், ஐஸ்கிரீம் கேட்கும், நாலாவது டேக்கில் அழ மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஆகவே எங்கள் தொழிலில் குழந்தைகளுக்குப் பெரிய பெண்கள்தான் குரல் கொடுப்போம். செண்பகவல்லி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'அழுகை செண்பா' என்றால் சாலிகிராமத்தில் டீ மாஸ்டருக்குக்கூடத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட என்னைத்தான் இளையோர் பார்வைக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். எந்தப் படத்தை எந்த வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று முடிவு செய்கிற குழு. தலைவர் ஞானசிகாமணி சார், தபால் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டை மடிப்பு கலையாத மனிதர். குழு என்றால் இப்போது அவரும் நானும்தான். ஆனால் உண்மையில் முடிவு செய்வது நாங்கள் இல்லை, சிட்டு.

"சிட்டு யாரும்மா? வரவே இல்லையே?" என்று முதல் நாள் வெகுளியாகக் கேட்டேன்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் தில்ஷாத் சிரித்துவிட்டாள். முப்பத்தைந்து வயசிருக்கும், எப்போதும் கழுத்தில் ஹெட்போன்.

"குழந்தை மாதிரி படம் பாக்குற மெஷின்க்கா. ஏழு வயசு, ஒன்பது வயசு, பன்னெண்டு வயசுன்னு நாம வச்சுக்கலாம். படத்த ஓட விட்டா எங்க பயப்படும், எங்க அழும், அந்தப் பயம் எத்தன நாளு மனசுல நிக்கும்னு சொல்லிடும்."

"அதுக்கு நாலு நெஜப் பிள்ளைங்கள உக்கார வச்சுக் காட்டிட்டாப் போச்சு!"

"அதெப்படிக்கா? பயப்படுதான்னு பாக்குறதுக்காக ஒரு பிள்ளையப் பயமுறுத்தலாமா? அத சட்டத்துலயே தடை பண்ணிட்டாங்க. அதனாலதான் சிட்டு."

நியாயமாகத்தான் பட்டது. முதல் இரண்டு படங்களும் சாதுப் படங்கள். ஒன்றில் யானை, ஒன்றில் கிரிக்கெட். சிட்டு ஸ்பீக்கர் வழியாகக் கெக்கெக்கென்று சிரித்தது. நாங்கள் கையெழுத்துப் போட்டு, வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மூன்றாவது படம் 'வெளிச்சுவர்'. அனிமேஷன். தூத்துக்குடிக்காரப் பெண் பிலோமி ஆறு வருஷம் உட்கார்ந்து எடுத்தது. இயக்குநருக்கு உள்ளே அனுமதி கிடையாது என்பதால், மழையில் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துவிட்டு நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

படம் தொடங்கியது. சனிக் கிரகத்தைச் சுற்றி மிதக்கிற ஓர் ஊர். வட்டமான ஊர், தலைக்கு மேலேயும் வீடுகள், அண்ணாந்து பார்த்தால் அடுத்த தெரு. மிதுலா என்கிற ஒன்பது வயதுப் பெண். அவளுடைய அப்பாவுக்கு ஊரின் வெளிச்சுவரில் விழும் ஓட்டைகளை அடைக்கிற வேலை. ஒரு நாள் அவருடைய கயிறு அறுந்து போகிறது. அவர் திரும்பவில்லை. குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். அன்று முதல் தினமும் சாயங்காலம் ஊரின் கருவி அப்பாவின் குரலில் மிதுலாவோடு பேசுகிறது.

இது ஒன்றும் சனிக் கிரகத்து அதிசயம் இல்லை. நம் ஊர் செல்போன் கடைகளிலேயே கிடைக்கிற சமாச்சாரம்தான். போனவர்களின் பழைய பதிவுகளைக் கொடுத்தால், நாம் தட்டச்சு செய்வதை அவர்கள் குரலில் பேசித் தரும். எங்கள் எதிர் வீட்டில் போன மாமனார் இன்னமும் தினம் காலையில் கேஸ் அடுப்பை அணைக்கச் சொல்கிறார்.

அறுபத்தொன்றாவது நிமிடத்தில் மிதுலா சுவரின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். வெளியே அப்பாவின் அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருக்கிறது. அதே நேரம் உள்ளே அப்பாவின் குரல், "சாப்ட்டியாடா கண்ணு?" என்கிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

ஒன்பது வயதுக்கு வைத்திருந்த சிட்டு அழ ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் ஒரு விம்மல், இரண்டு விம்மல், மூன்றாவது விம்மல், அப்புறம் சின்னதாக ஒரு விக்கல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த விக்கல் எனக்கு நன்றாகத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள் பசி தாங்காமல் பன் பட்டர் ஜாமை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு மைக் முன்னால் போய் நின்றேன். அழுகிற நேரத்தில் விக்கல் வந்துவிட்டது. திட்டு விழப் போகிறது என்று பயந்தால், "ஆஹா, அந்த விக்கல விட்டுடாதீங்க!" என்றார் சவுண்ட் இன்ஜினியர். விடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக மூன்றாவது விம்மலுக்குப் பிறகு ஒரு விக்கல் வைப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

படத்தை நிறுத்திவிட்டு தில்ஷாத் எண்ணைப் படித்தாள். அவள் குரல் ஒரு மாதிரி இறுகியிருந்தது.

"பயம் நிக்கிற காலம் நூத்திப் பத்து நாள் சார். அளவு தாண்டிருச்சு. பெரியவங்களுக்கு மட்டும்."

ஞானசிகாமணி சார் பேனாவைத் திறந்தார்.

"சார், இருங்க. அது குழந்தை அழுகை இல்ல, நான்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அழுதது நான்தான் சார்! என் அழுகை!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாளா இல்லையா என்கிற சந்தேகம் தெரிந்தது. வாயால் விளக்கி ஆகப் போவதில்லை. எழுந்து நின்றேன், கண்ணை மூடினேன், மூக்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்று விம்மல், ஒரு விக்கல். தில்ஷாத் அதைப் பதிவு செய்து சிட்டுவின் அழுகையோடு சேர்த்துத் திரையில் போட்டாள். இரண்டு ஒலிக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. சார் முகத்தில் ஈயாடவில்லை.

"இது எப்படிம்மா?" என்றார்.

தில்ஷாத் ஏதோ கோப்புகளைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. "அழுற குழந்தையப் பதிவு பண்ண அனுமதி கிடையாதுல்ல சார்? அதனால பழைய படங்களோட டப்பிங் ட்ராக்கை எடுத்துக் கத்துக்கொடுத்திருக்காங்க. எழுநூறு மணி நேரம். எந்தக் காட்சி, அதுக்கு எந்தக் குழந்தை எப்படி அழுதுச்சுன்னு..."

"எந்தக் குழந்தையும் அழல," என்றேன். கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "நானும் என்கூட டப்பிங் பேசுன கனகாவும் வேதவல்லியும் அழுதோம். டைரக்டர் எங்க அழுன்னு சொன்னாரோ அங்க அழுதோம். அதத்தான் இது கத்துக்கிட்டிருக்கு. பிள்ளைங்க எங்க பயப்படும்னு இதுக்கு என்ன தெரியும்? நாம என்ன நெனச்சோமோ அதையே நமக்குத் திருப்பிச் சொல்லிக்கிட்டிருக்கு!"

"சிட்டு வந்து நாலு வருஷம். நாப்பத்தி மூணு படம்," என்றார் சார் மெதுவாக. பேனாவை மூடிக் கீழே வைத்தார். மழுப்புவார், மேலிடத்துக்கு எழுதுவோம் என்பார் என்று நினைத்திருந்தேன். நான் நினைத்தது தப்பு. அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார்.

"கருவி மேல சந்தேகம் வந்தா, அப்பா அம்மா சம்மதத்தோட, அவங்க பக்கத்துல உக்காந்திருக்க, ஒரே ஒரு குழந்தை பாக்கலாம்னு இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இயக்குநரக் கூப்பிடுங்க."

பிலோமி உள்ளே வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். அவளுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

"சார், ஒண்ணு சொல்லுதேன். எனக்கு எட்டு வயசுல எங்க அய்யா கடலுக்குப் போனவரு வரல. துபாய்ல இருக்காருன்னு வீட்ல சொன்னாவ. ஏழு வருசம் சொன்னாவ சார். பொறவு தெரிஞ்சப்போ ஊரே மறந்துபோச்சு. எனக்கு அழுகதுக்கு ஒரு நாளு கூடக் கெடைக்கல. அப்படி இருக்குற பிள்ளையளுக்காவத்தான் இத எடுத்தேன். பெரியவங்க மட்டும் பாக்கணும்னு எழுதிட்டியன்னா, நான் எடுத்ததுக்கே அர்த்தமில்ல. பிள்ளையளே பாத்துட்டு வேண்டாம்னு சொல்லட்டும், ஏத்துக்கிடுதேன். மெஷின் சொல்லுதத எப்படி சார் ஏத்துக்கிட?"

பிள்ளைக்கு எங்கே போவது? போகவே வேண்டியிருக்கவில்லை. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. தில்ஷாத்தின் மகள் நஸ்ரின், ஒன்பது வயது, பக்கத்து அறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கதவைப் பார்த்தோம்.

"முடியாது!" என்று கத்தினாள் தில்ஷாத். "அவ வேணாம். வேற யாரையாவது கூப்பிடுங்க. அவ மட்டும் வேணாம்!"

நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அவங்க அத்தா கப்பல்ல வேல பாத்தாருக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால போயிட்டாரு. உடம்புகூட வரல. நான் அவகிட்ட சொல்லல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா அத்தா போன்ல பேசுவாரு. நான்தான் அடுப்படியில உக்காந்து டைப் அடிப்பேன். அவ ஹால்ல உக்காந்து 'அத்தா, அத்தா'ன்னு குதிப்பா."

அவள் குடிக்காத டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"சொல்லிடலாம்னு ஒரு தடவ முடிவு பண்ணேன்க்கா. அதுக்கு முன்னாடி சிட்டுவ ஒன்பது வயசுல வச்சு, அதுகிட்ட சொல்லிப் பாத்தேன். 'உங்க அத்தா எறந்துட்டாரு செல்லம்'னு. அது அழுத அழுகை இருக்கே... அந்த விக்கலக் கேட்டதும் என்னால முடியல. எம் பொண்ணு இப்படி அழுதா நான் செத்துருவேன்னு விட்டுட்டேன்."

என்றைக்கோ ஒரு நாள் அவசரத்தில் தின்ற பன்னுக்கு வந்த விக்கல். அதைக் கேட்டு ஒருத்தி பெற்ற பிள்ளையிடம் உண்மை சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான் நடித்த அழுகைகளில் இதுவரைக்கும் ஒன்றுக்குக்கூட நான் வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்று வெட்கப்பட்டேன்.

"அது நான்தாம்மா," என்றேன். "உம் பொண்ணு இல்ல. அவ எப்படி அழுவான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. சம்மதம் சொல்ல வேண்டியவ நீ. வேணாம்னா வேணாம், யாரும் உன்ன ஒண்ணும் கேட்கப் போறதில்ல."

அவள் ஓரமாக இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

நஸ்ரின் என்னைப் பார்த்து, "ஹாய் ஆன்ட்டி!" என்றாள். கீச்சென்று ஒரு குரல். தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டைக் குவித்து. நல்ல குழந்தைக் குரல். தொழில் புத்தி, மனசுக்குள் மார்க்கூடப் போட்டுவிட்டேன்.

படத்தை முதலிலிருந்து ஓட்டினோம். நஸ்ரின் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, ஒரு பாக்கெட் சிப்ஸ் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் பிலோமி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அறுபத்தொன்றாவது நிமிடம் வந்தது. அறுந்த கயிறு ஆடியது. "சாப்ட்டியாடா கண்ணு?" என்றது அப்பாவின் குரல். தில்ஷாத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நஸ்ரின் அழவில்லை. வாயில் போட்ட சிப்ஸை மெல்லாமல் வைத்திருந்தாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மென்று விழுங்கினாள்.

படம் நகர்ந்தது. எல்லாம் தெரிந்துவிட்ட மிதுலா அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிறாள். அம்மா வாசலில் நிற்கிறாள். மிதுலா அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். அப்பாவின் குரல் கூப்பிடுகிறது. மிதுலா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, துள்ளிக் குதித்து ஓடிப் போய், "அப்பா! இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று புன்னகைக்கிறாள்.

இந்த இடத்தில்தான் நஸ்ரின் அழுதாள்.

சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, மூக்கு ஒழுகியது, தோள் ஆடியது. சிப்ஸ் பாக்கெட் கீழே விழுந்ததும் தெரியவில்லை அவளுக்கு. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இப்படி அழுததில்லை. யாரும் என்னை இப்படி அழச் சொன்னதும் இல்லை.

தில்ஷாத் பதறிப் போய் விளக்கைப் போடச் சொன்னாள். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பயந்துட்டியாடி செல்லம்? வேணாம், போதும், வீட்டுக்குப் போலாம்..."

"பயப்படல," என்றாள் நஸ்ரின். "அவளும் அப்படித்தான் பேசுறா."

"எப்படி?"

"சின்னப் பிள்ள மாதிரி."

நஸ்ரின் அம்மாவின் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடியெல்லாம் அத்தா பேசுனா பாதியில லைன் கட்டாவும்மா. யாராவது கூப்பிடுவாங்க. 'இரும்மா, இரும்மா'ன்னு சொல்லிட்டு ஓடிருவாரு. இப்பல்லாம் ஒரு தடவகூடக் கட்டாகல. அத்தா இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். நான் பேசலன்னா நீ அழுவ. அதான் பேபி மாதிரி பேசுவேன். அப்படிப் பேசுனாத்தான் நீ சிரிக்கிற."

சற்று முன் மார்க் போட்டேனே அந்தக் கீச்சுக் குரலுக்கு, அது நடிப்பு. இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் இந்தப் பெண்ணும் ஒரு குழந்தைக்குக் குரல் கொடுத்திருக்கிறாள். என்னைப் போலவே. சம்பளம் இல்லாமல், ஒரே ஒரு ரசிகைக்காக.

அம்மாவும் மகளும் அழுதார்கள். நடுவில் நஸ்ரின், "நீ டைப் அடிக்கிறப்போ அத்தாவ 'வீட்டுப்பாடம் முடிச்சியா'ன்னு கேக்க வைப்ப பாரு, அத்தா அப்படிக் கேட்டதே இல்ல," என்றாள். தில்ஷாத் அழுகையோடு சிரித்துவிட்டாள். அப்புறம் மறுபடி அழுதார்கள். ஞானசிகாமணி சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிலோமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு பத்து நிமிடம் போயிருக்கும். நஸ்ரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மீதிப் படம் போடுங்க," என்றாள். "அவ அம்மாகிட்ட சொல்லிட்டாளா இல்லையா?"

அந்தக் குரலில் கீச்சு இல்லை, சாய்ந்த தலை இல்லை. கொஞ்சம் கட்டையான, கரகரவென்ற குரல். முதல் தடவையாக அவளுடைய சொந்தக் குரலைக் கேட்டேன்.

மீதிப் படத்தையும் பார்த்தோம். மிதுலா சொன்னாளா இல்லையா என்று இங்கே சொல்லப் போவதில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு வந்ததும் நஸ்ரின் பிலோமியிடம் நேரே போய், "அந்த ஊர்ல தலைக்கு மேல இருக்குற வீட்டுக்காரங்க கீழ விழ மாட்டாங்களா?" என்று கேட்டாள். பிலோமி மழைத் தண்ணீரில் நனைந்த நோட்டில் வட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஞானசிகாமணி சார் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். சிட்டுவை நிறுத்தி வைக்க ஒரு கடிதம். நாற்பத்து மூன்று படங்களையும் மறுபடி பார்க்க ஒரு கடிதம். அப்புறம் 'வெளிச்சுவர்' சான்றிதழ். வயது என்ற இடத்தில் 'ஒன்பதும் அதற்கு மேலும்' என்று எழுதினார். கீழே 'எச்சரிக்கை' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"இதுல என்னம்மா போடறது?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாங்க தனியாப் பாக்க வேணாம்னு போடுங்க அங்கிள். பக்கத்துல பிள்ளைங்க யாராச்சும் இருக்கணும்."

சார் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, தபால் துறைக் கையெழுத்தில், ஒரு சொல் மாற்றாமல் அதை அப்படியே எழுதினார்.